ஆய்வேடு இல்லாத முதுமாணிப் பட்டம்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் ஆசிரியர்களாகவும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் பணியாற்றுகின்றவர்கள், பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னர் முதுமாணிக் கற்கையைத் தொடங்க எண்ணும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: “தீசிஸ் எழுதாமல் செய்ய வழி இருக்கிறதா?” வழி இருக்கிறது. நானும் அந்த வழியாலேயே பட்டம் பெற்றேன். ஆனால் பதிவதற்கு முன்னர் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமற் போனதால், பின்னர் ஒரு விண்ணப்பத்தில் வாய்ப்பை இழந்தேன். அந்த இழப்பு இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

ஆய்வேடு எழுதாமல் முதுமாணிப் பட்டம் பெறுவதற்கு இலங்கையில் முறைப்படி இடம் உண்டா?

உண்டு. இலங்கையின் உயர்கல்வித் தகைமைகளை வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகம் 2012 இல் வெளியிடப்பட்டு 2015 இல் திருத்தப்பட்டது. அதில் 12 மட்டங்கள் உள்ளன. பொதுப்பட்டம் 5 ஆம் மட்டத்திலும், நான்கு ஆண்டுச் சிறப்புப்பட்டம் 6 ஆம் மட்டத்திலும் நிற்கின்றன. அதற்கு மேலே பட்டப்பின் சான்றிதழ் 7 ஆம் மட்டம் (20 கிரெடிட்; கிரெடிட் என்பது கற்றலின் அளவைக் காட்டும் அலகு), பட்டப்பின் டிப்ளோமா 8 ஆம் மட்டம் (25 கிரெடிட்), பாடநெறிகளால் மட்டும் பெறப்படும் முதுமாணி 9 ஆம் மட்டம் (30 கிரெடிட்), பாடநெறிகளோடு ஆய்வையும் கொண்ட முதுமாணி 10 ஆம் மட்டம் (60 கிரெடிட்) என்று அமைகின்றன. 10 ஆம் மட்டத்தின் 60 கிரெடிட்டில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வுக்கு உரியதாக இருக்க வேண்டும். முதுதத்துவமாணி (எம்.பில்.) 11 ஆம் மட்டமும் கலாநிதிப் பட்டம் 12 ஆம் மட்டமும் ஆகும்.

இவற்றுள் 9, 10 ஆகிய இரு மட்டங்களில் உள்ளவையும் “முதுமாணி” என்றே அழைக்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. நீங்கள் பதியப்போகும் கற்கை எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் கையேட்டிலோ பீட அலுவலகத்திலோ எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான்.

30 கிரெடிட் என்பது உண்மையில் எவ்வளவு வேலை?

பாடநெறிக்குரிய ஒரு கிரெடிட் என்பது 50 கற்றல் மணித்தியாலங்களுக்குச் சமம் என்று சட்டகம் கொள்கிறது. விரிவுரையில் இருக்கும் நேரம் மட்டுமன்றி, வீட்டிலிருந்து வாசிப்பதும் ஒப்படை எழுதுவதும் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதும் இதில் அடங்கும். ஆகவே 30 கிரெடிட்டுக்கு 1,500 மணித்தியாலங்கள் தேவை. ஓராண்டில் முடிப்பதானால் வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலமும், ஈராண்டில் முடிப்பதானால் 14 அல்லது 15 மணித்தியாலமும் படிப்புக்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

ஆய்வுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். எனவே 10 ஆம் மட்டத்தின் 15 கிரெடிட் ஆய்வுப் பகுதிக்கு மட்டும் 1,500 மணித்தியாலங்கள் வேண்டும். அதாவது, ஆய்வேடு ஒன்றுக்கு ஆகும் நேரம், ஆய்வேடு இல்லாத முழு முதுமாணிக்கும் ஆகும் நேரத்துக்குச் சமம். “கடைசி ஆறு மாதத்தில் தீசிஸைக் கட்டிவிடலாம்” என்ற எண்ணத்தோடு பதிந்து, ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்ற பலரை எனக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பதியும்போது இந்தக் கணக்கை யாரும் அவர்களுக்குப் போட்டுக் காட்டவில்லை.

அப்படியானால் ஆய்வேடு இல்லாத பட்டம் தரம் குறைந்ததா?

இல்லை, அதன் நோக்கம் வேறு. ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர், அந்தத் தொழிலுக்குரிய அறிவை ஆழப்படுத்திக்கொண்டு மீண்டும் அதே தொழிலுக்குத் திரும்புவதற்காக அமைக்கப்பட்டது பாடநெறி முதுமாணி. புதிய அறிவைத் தேடி, அதை நிறுவி, எழுதிக் காட்டப் பழக்குவது ஆய்வு முதுமாணி. பாடசாலையில் கணக்குப் பாடத்தை நன்றாகக் கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு மதிப்பீடு, கலைத்திட்டம், கல்வி உளவியல் ஆகிய பாடங்களை ஒழுங்காகக் கற்றுக்கொள்வது ஓர் ஆய்வேட்டைவிட அதிக பயன் தரக்கூடும். பல்கலைக்கழக விரிவுரையாளராக வர விரும்புகிறவருக்கோ ஆய்வு இல்லாத பட்டம் போதாது. “எனக்கு இந்தப் பட்டம் எதற்கு?” என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால், எந்த மட்டம் என்பது தானாகவே தெளிந்துவிடும்.

நுழைவதற்கு என்ன தகைமைகள் வேண்டும்?

அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் அடிப்படை. சிறப்புப்பட்டம் பெற்றோருக்கு நேரடியாகவும், பொதுப்பட்டம் பெற்றோருக்குப் பணி அனுபவத்தோடு சேர்த்தும் இடம் வழங்கும் கற்கைகள் பல உண்டு. கல்வி முதுமாணிக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முன்தகைமையாகக் கேட்பது வழமை. சில பீடங்கள் தெரிவுப் பரீட்சையும் சில நேர்முகத் தேர்வும் நடத்துகின்றன. சிலவற்றில் இரண்டும் உண்டு. தகைமைகள் ஆட்சேர்ப்புக்கு ஆட்சேர்ப்பு மாறக்கூடியவையாதலால், சென்ற முறை சேர்ந்த நண்பர் சொன்னதை நம்பி இருந்துவிடாமல், நடப்பு அறிவித்தலை எடுத்து முழுமையாக வாசியுங்கள்.

இடம்பெயர்வின்போது என் சான்றிதழ்கள் தொலைந்துவிட்டன, அல்லது பழுதாகிவிட்டன. விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். வேறு மாவட்டங்களில் இக்கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. எங்களிடம் இதுவே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆசிரியை ஒருவர் தன் பட்டச் சான்றிதழை எனக்குக் காட்டினார். 2009 இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து செட்டிகுளம் முகாமுக்குப் போகும்வரை, அதை நான்காக மடித்துப் பொலித்தீன் பையொன்றில் சுற்றி இடுப்பில் கட்டி வைத்திருந்திருக்கிறார். பல்கலைக்கழக இலச்சினை தெளிவாக இருந்தது. பதிவாளரின் கையொப்பமும் இருந்தது. மடிப்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்தில்தான் அவருடைய பெயர் அச்சாகியிருந்தது. அந்த இடத்தில் தாள் தேய்ந்து, பெயரின் நடுவில் மூன்று எழுத்துகள் இல்லாமல் போயிருந்தன. “என் பெயரே இல்லாத சான்றிதழை எந்த நேர்முகத்தில் காட்டுவது?” என்று எண்ணியே அவர் பல ஆண்டுகள் விண்ணப்பிக்காமல் இருந்தார்.

அவருக்குத் தேவைப்பட்டது பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளைக்கு எழுதிய ஒரு கடிதம் மட்டுமே. நீங்கள் பட்டம் பெற்றதற்கான மூலப் பதிவேடு உங்கள் கையில் இருக்கும் தாளில் இல்லை; அது பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பதிவிலக்கமும் பட்டம் பெற்ற ஆண்டும் தெரிந்தால், பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தையும் பட்டத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் கட்டணம் செலுத்திப் பெறலாம். பதிவிலக்கம் நினைவில் இல்லாவிட்டால் முழுப்பெயரையும் பீடத்தையும் அனுமதி ஆண்டையும் குறிப்பிடுங்கள். தொலைந்த சான்றிதழ் என்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசியையும் கேட்பார்கள் என்பதால் அவற்றை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவை நாடுங்கள். பதிவேடே கிடைக்காத இடத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் நடைமுறை உண்டு.

இன்னொரு சிக்கல், பெயரின் எழுத்துக்கூட்டல். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் இன்னொருவிதமாகவும் பட்டத்தில் மூன்றாவதுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயரோடு விண்ணப்பிப்போர் மிகப் பலர். மூன்றும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சத்தியக்கடதாசி முடித்து, விண்ணப்பத்தோடு முதலிலேயே இணைத்துவிடுங்கள். நேர்முகத்தில் கேட்டபின் ஓடித் திரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆய்வேடு இல்லையென்றால், அதற்குப் பதிலாக எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துப் பரீட்சையும் தொடர் மதிப்பீடும் இருக்கும். தொடர் மதிப்பீடு என்பது ஒப்படைகள், முன்வைப்புகள், குழுச் செயற்பாடுகள், இடைப் பரீட்சைகள் ஆகியவற்றைக் கொண்டது. சில கற்கைகளில் சிறிய செயற்றிட்ட அறிக்கையோ கள அறிக்கையோ உண்டு. வேறு சில நாடுகளில் எல்லாப் பாடங்களையும் ஒருங்கே சோதிக்கும் முழுமைப் பரீட்சை ஒன்றும் வைக்கப்படுகிறது.

ஆய்வேடு இல்லை என்பதற்காக எழுத்து வேலை இல்லை என்று கருதிவிட வேண்டாம். ஒரு பாடத்துக்கு இரண்டு ஒப்படைகள் என்று கொண்டாலே, பத்துப் பாடங்களுக்கு இருபது ஆகிவிடும். ஒவ்வொன்றையும் மேற்கோள் முறை தவறாமல் எழுத வேண்டும். பிரதிபண்ணலைக் கண்டறியும் மென்பொருளில் இட்டுப் பார்ப்பது இன்று வழமையாகிவிட்டது. இணையத்திலிருந்து எடுத்த பந்தியோ, முன்னைய அணியின் மாணவர் தந்த கோப்போ உங்கள் பட்டத்தையே இல்லாமற் செய்துவிடக்கூடும்.

எனக்கு மிகுந்த பயன் தந்த ஒப்படை, எட்டுப் பக்கம் மட்டுமே கொண்ட ஒன்று. என் வகுப்பில் 31 பிள்ளைகள் எழுதிய ஒரே கணக்கின் விடைகளை எடுத்து, பிழைகளை வகைப்படுத்தும்படி விரிவுரையாளர் சொன்னார். பின்னங்களைக் கூட்டச் சொன்ன கணக்கு அது. வகைப்படுத்திப் பார்த்தபோது, 14 பிள்ளைகள் தொகுதி எண்ணைத் தொகுதி எண்ணோடும் பகுதி எண்ணைப் பகுதி எண்ணோடும் கூட்டியிருந்தார்கள். கவனக்குறைவு என்று நான் ஆண்டுதோறும் சிவப்பு மையால் கோடிட்டு வந்தது கவனக்குறைவே அன்று. ஒரே தவறான விளக்கத்தைப் பதினான்கு பேரும் உறுதியாகப் பிடித்திருந்தார்கள். அடுத்த தவணையில் அந்தப் பாடத்தை நான் கற்பித்த முறையே மாறிவிட்டது. இதற்கு ஆய்வேடு தேவைப்படவில்லை.

புள்ளிகளைப் பொறுத்தவரை, தனித்தனிப் பாடங்களில் சித்தி பெறுவது மட்டும் போதாது. மொத்தத் தரப்புள்ளிச் சராசரி ஒரு குறித்த அளவுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 4.00 இல் 3.00 என்பது பல பட்டப்பின் கற்கைகள் கேட்கும் அளவு. வரவு பொதுவாக 80 வீதம் கேட்கப்படுகிறது. வரவு குறைந்தால் பரீட்சைக்கே அனுமதி மறுக்கப்படலாம்.

வார இறுதி வகுப்புகளுக்கு வன்னியிலிருந்து போய்வருவது நடைமுறைக்குச் சாத்தியமா?

சாத்தியம், ஆனால் அந்த 80 வீத வரவை வீதியோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதி வழியாக ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து போகிறவர் பரந்தன் சந்திக்கு வந்து ஏறினால் 100 கிலோமீற்றருக்கு மேல். காலை எட்டரை மணி விரிவுரைக்கு முல்லைத்தீவிலிருந்து புறப்படுகின்ற ஒருவர் விடியுமுன்பே பஸ்ஸில் இருக்க வேண்டும். மாரி மழையில், கார்த்திகை மார்கழி மாதங்களில், கிராமத்து உள்வீதிகள் நீரில் மூழ்கும் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். 15 வாரங்கள் கொண்ட அரையாண்டில் 80 வீதம் என்றால் மூன்று வாரங்களே தவறலாம். பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு ஒன்று, பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று என்று அந்த மூன்றும் முடிந்துவிடும்.

வெள்ளி மாலையே போய் உறவினர் வீட்டில் தங்கக்கூடியவர்கள் தங்கிவிடுங்கள். பெண்கள் பலர் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறையை வார இறுதிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துப் படித்து முடித்திருக்கிறார்கள். இணையவழி விரிவுரைகளும் கலந்துவரும் கற்கையா என்பதையும், இணையவழி வருகை வரவாகக் கணிக்கப்படுகிறதா என்பதையும் பதியுமுன் கேளுங்கள்.

எங்கே விசாரிக்க வேண்டும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயர் பட்டப்படிப்புகள் பீடம் முதல் இடம். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. பம்பைமடுவில் அதன் அறிவித்தல்களையும் கவனித்து வாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் உள்ளன. கல்வித் துறையினருக்கு மகரகம தேசிய கல்வி நிறுவகமும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பேராதனையில் தனித்தனிப் பட்டப்பின் நிறுவகங்கள் இருக்கின்றன.

தமிழில் படிக்கலாமா?

கல்வி, தமிழ், இந்து நாகரிகம் போன்ற துறைகளில் தமிழ்மொழி மூலம் கிடைக்கும். விஞ்ஞானம், கணினி, விவசாயம், முகாமைத்துவம் ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் ஏற்கப்படுமா?

இதற்கு விடை சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம் அன்று. உங்கள் சேவையின் பிரமாணக் குறிப்பு, அதாவது அந்தச் சேவைக்கான ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகளைக் கூறும் ஆவணம். அதில் “பட்டப்பின் பட்டம்” என்று மட்டும் எழுதியிருக்கிறதா, ஆய்வுப் பகுதி வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, குறித்த துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்கிறதா என்று சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். எனக்கு நேர்ந்தது இங்கேதான். நான் விண்ணப்பித்த பதவிக்கு ஆய்வுப் பகுதி கொண்ட முதுமாணி கேட்கப்பட்டிருந்தது. என் கோப்பை மூடி மேசையின் இந்தப் பக்கம் தள்ளிய அலுவலர் சொன்னது விதிப்படி சரியாகவே இருந்தது. ஈராண்டு வார இறுதிகளும் அந்த ஒரு வரியில் நின்றன. அந்தக் குறிப்பு நான் முதுமாணிக்குப் பதியுமுன்பே அச்சில் இருந்தது, நான் வாசிக்கவில்லை.

பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியை நோக்குவோர், ஆய்வேட்டோடு கூடிய, குறைந்தது ஈராண்டுப் பட்டப்பின் பட்டம் ஒன்றை அங்கே எதிர்பார்க்கிறார்கள் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

பின்னர் கலாநிதிப் பட்டத்துக்குப் போக விரும்பினால் கதவு மூடிவிடுமா?

மூடாது, ஆனால் சுற்றுவழி. நீங்கள் ஆய்வு செய்ய வல்லவர் என்பதற்கான சான்றையே ஆய்வுப் பட்டங்களுக்கான குழு தேடும். ஆய்வேடு இல்லாதவர்களை முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, முன்னேற்றத்தைப் பார்த்துத் தரமுயர்த்துவது உண்டு. சிறப்புப்பட்டத்தின் இறுதி ஆண்டில் செய்த ஆய்வும், மாநாடுகளில் வாசித்த கட்டுரைகளும் இங்கே கைகொடுக்கும். கலாநிதிப் பட்டம் உங்கள் உறுதியான இலக்கு என்றால், முதலிலேயே 10 ஆம் மட்டத்தைத் தெரிந்தெடுங்கள் என்பதே என் எண்ணம்.

வெளிநாடுகளில் இது எப்படி இருக்கிறது?

அமெரிக்காவில் ஆய்வேட்டு வழி, ஆய்வேடில்லா வழி என்று ஒரே துறையிலேயே இரண்டையும் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம். 30 முதல் 36 கிரெடிட் வரை என்பது அங்கே பரவலான அளவு. ஆய்வேட்டை விடுகிறவர் அதற்கு ஈடாக மேலதிக பாடங்களை எடுத்து, முழுமைப் பரீட்சையோ நிறைவுச் செயற்றிட்டமோ செய்ய வேண்டியிருக்கும்.

பிரித்தானியாவில் முதுமாணிக்கு 180 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம் மட்டுமே. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவற்றுள் பெரும்பாலும் 60 கிரெடிட் ஆய்வுக் கட்டுரைக்கோ செயற்றிட்டத்துக்கோ உரியவை. அதைச் செய்யாமல் 120 கிரெடிட்டோடு நின்றால் கிடைப்பது முதுமாணி அன்று, பட்டப்பின் டிப்ளோமா. புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் விளம்பரங்களைப் பார்த்து இணையவழியில் பதிவோர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டம் எதுவானாலும், பணம் கட்டுமுன் அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர்த் தனியார் நிறுவனம் என்றால், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தக் குறித்த பட்டத்தை வழங்க அதற்கு அதிகாரம் உண்டா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு ஒரு பட்டத்தில் அதிகாரம் இருப்பதால் அது நடத்தும் எல்லாப் பட்டங்களுக்கும் அதிகாரம் இருப்பதாகாது.

ஆய்வேட்டோடு கூடிய கற்கைக்குப் பதிந்து, பாடங்களை முடித்துவிட்டேன். ஆய்வேடு நகரவில்லை. இப்போது என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் பதிவு எந்தத் திகதியில் காலாவதியாகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கற்கைக்கும் ஓர் உச்சக் கால எல்லை உண்டு. அது கடந்துவிட்டால், சித்தியடைந்த பாடங்களும் பயனற்றுப் போகலாம். எல்லை நெருங்குவதற்கு முன்னர் நீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இருக்கும்.

அடுத்து, இடையில் வெளியேறுவோருக்குக் குறைந்த மட்டத் தகைமை ஒன்றை வழங்க உங்கள் கற்கையின் விதிகள் இடமளிக்கின்றனவா என்று கேளுங்கள். தகைமைச் சட்டகம் இத்தகைய இடைவிலகலை அனுமதிக்கிறது. 30 கிரெடிட் பாடங்களைத் தேவையான சராசரியோடு முடித்தவருக்கு 9 ஆம் மட்ட முதுமாணியை வழங்கும் கற்கைகள் உள்ளன. சில கற்கைகள் டிப்ளோமா மட்டுமே தரும். அந்தத் தெரிவைக் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்ட பின்னர் திரும்பிவந்து ஆய்வேட்டைத் தொடர முடியுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

விலகுவதாக முடிவெடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். சேகரித்த தரவுகளையெல்லாம் வெளியே எடுத்து மேசையில் பரப்புங்கள். மல்லாவிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் ஐந்து ஆண்டுகளாகத் தன் வினாக்கொத்துகளை றங்குப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். மேற்பார்வையாளரின் தொலைபேசி அழைப்புக்குக்கூடப் பதில் சொல்ல வெட்கப்பட்டார். இருவருமாக இருந்து எண்ணிப் பார்த்தபோது 112 வினாக்கொத்துகள் முழுமையாக நிரப்பப்பட்டிருந்தன. இரண்டாம் அத்தியாயம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அவருடைய பதிவுக்கு இன்னும் பதினொரு மாதம் எஞ்சியிருந்தது. அன்றிரவே மேற்பார்வையாளருக்கு அந்த இரண்டாம் அத்தியாயத்தை அனுப்பினார். மறுநாட் காலை, திருத்தங்களோடு ஒரு சந்திப்பு நேரமும் பதிலாக வந்தது.